ஆனைவிழுந்தானில் ஓர் இரவு

மாணவர்களே, "நான் சென்ற சுற்றுலா" என்ற தலைப்புக்கென்று என்னிடம் பல ஆண்டுகளாக ஒரு மாதிரிக் கட்டுரை இருந்தது. சலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள ஆனைவிழுந்தான் சரணாலயத்தைப் பற்றியது. "சைபீரியாவிலிருந்து பறந்து வந்த எண்ணற்ற பறவைகள் எம் கண்ணைக் கவர்ந்தன" என்று தொடங்கும். உண்மையைச் சொன்னால், நான் அங்கு போனதே இல்லை.

உடப்பிலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் அதை மனனம் செய்யவில்லை. கடற்பக்கத்தில் கைவிடப்பட்ட இறால் தொட்டிகள் வெடித்துக் கிடப்பதாகவும், முன்பு அங்கே கண்டல் மரங்கள் நின்றதாக அப்பா சொன்னதாகவும் எழுதியிருந்தாள். தலைப்புக்குப் புறம்பானது என்று சிவப்புப் பேனாவால் வெட்டினேன். "சேர், நீங்க அங்க போயிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் அடுத்த கொப்பியை எடுத்தேன்.

கடந்த ஆண்டு பெப்ரவரியில்தான் அங்கே போய், குளத்தருகே ஒரு சிறு விடுதியில் தங்கினேன். விடிய முன்னரே வழிகாட்டி கதவைத் தட்டினார். பிளேன்டீ குடித்துவிட்டுக் குளக்கட்டில் நடந்தோம். நீர்க்காகங்கள் பட்டமரத்தில் சிறகுகளை விரித்து உலர்த்தின. நத்தைகுத்தி நாரையொன்று சேற்றைக் கிளறியது. "இவை சைபீரியாவா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இங்கேயே பிறந்ததுகள், சேர்." குளிர்காலத்தில் வரும் விருந்தாளிகளும் உண்டு; ஆனால் அன்று நான் கண்டவற்றில் பெரும்பாலானவை ஊர்ப் பறவைகளே. தாமரை இலைமேல் நடந்த நீளவால் இலைக்கோழியைக் காட்டி, இதில் ஆண்தான் அடைகாக்கும் என்றார். என் கட்டுரையிலோ தாய்ப்பறவையின் பாசம் பற்றி ஒரு பந்தியே இருந்தது!

பிறகு கடற்பக்கம் போனோம். நன்னீர்க் குளங்கள், கண்டல், கடற்கரை மூன்றும் அடுத்தடுத்து இருப்பதே இவ்விடத்தின் சிறப்பு. 1997இல் சரணாலயமானது. 2001இல் பூந்தலவுக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது ராம்சார் ஈரநிலமானது. (ராம்சார் என்பது ஈரானிலுள்ள நகரம், ஈரநில ஒப்பந்தம் 1971இல் அங்கே கைச்சாத்தானது. குறித்துக்கொள்ளுங்கள்.) இங்கும் கண்டலை வெட்டித்தான் இறால் தொட்டிகள் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் இம்மாவட்டத்துப் பண்ணைகளைத் தாக்கியது. பலர் தொட்டிகளை அப்படியே விட்டுப் போனார்கள். மரமும் இல்லை, இறாலும் இல்லை. அவள் எழுதியபடியே தரை வெடித்துக் கிடந்தது. ஓரமாக மட்டும் முழங்கால் உயரத்தில் கண்டல் மீண்டும் தலைகாட்டியிருந்தது.

அவள் சாதாரண தரம் எழுதிப் போய்விட்டாள். அந்த மாதிரிக் கட்டுரையை இந்நூலில் தேடாதீர்கள், எடுத்துவிட்டேன்.