தாத்தாவின் பம்பரும் என் பாத்ரூம் ஆசிட்டும்



"சுவர் இதழுக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று தமிழ் ஐயா கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு அம்பாசிடர் கார் நிற்பது மங்கலம்பேட்டையில் நிறைய பேருக்குத் தெரியும். மார்க் 4 மாடல். தாத்தா அதை வாடகைக்கு ஓட்டினவர். விருத்தாசலம் ஆஸ்பத்திரி, சிதம்பரம் ஆருத்ரா தரிசனம், பெண் பார்க்கப் போவது, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கொல்லைப் பலாமரம் ஷெட் மேலே சாய்ந்தது. கார் தப்பித்தது, கூரை போய்விட்டது. அப்புறம் தார்ப்பாய்தான். மழை வெயில் எல்லாம் பார்த்து பம்பர் பூராவும் துரு.

இந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. "மாப்பிள்ளை ஊர்வலம் என் வண்டியிலதான்" என்று தாத்தா சொல்லிவிட்டார். இன்ஜினை மெக்கானிக் எப்படியோ ஓட வைத்துவிட்டார். அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "அம்பாசிடர் செய்யறதையே 2014-லயே நிறுத்திட்டான். இதை காயலாங்கடைக்குப் போட்டா எடைக்காவது காசு வரும்" என்றார். தாத்தா பதில் பேசவில்லை. நான்தான் வீராப்பாக, "நான் பளபளன்னு ஆக்கிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம், கூடவே கீறலும் விழுந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட் துருவை எடுக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. முன்பக்க பம்பரில் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. துரு போனதைப் பார்த்து சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றினேன். அய்யோ! துருவோடு அந்த நீலப் பளபளப்பும் போய்விட்டது. அடியில் மஞ்சள் பாய்ந்த மாதிரி மங்கலாக ஒன்று இருந்தது. அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழி வேறு. தாத்தா வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரெண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. "சரி விடு, இதோட கதை முடிஞ்சுது" என்று அப்பா காயலாங்கடைக்காரருக்குப் போன் போடப் போனார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமாவைக் கெஞ்சி, பம்பரைக் கழற்றி அவருடைய குட்டி யானையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பக்கம் ஒரு முலாம் பட்டறைக்குப் போனோம். தாத்தாவும் பேசாமல் வந்து ஏறிக்கொண்டார்.

பட்டறைக்காரர் பம்பரைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன தம்பி, எங்க வேலையில பாதியை நீயே முடிச்சுட்டியா?" அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியத்தை அது கரைத்துவிடும். பட்டறையிலும் பழைய குரோமை எடுக்க அதைத்தான் உபயோகிப்பார்களாம், ஆனால் அளவாக. அடியில் மஞ்சளாகத் தெரிந்தது நிக்கல்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. குரோம் பம்பர் என்கிறோமே, அதில் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதற்கு அடியில் இருக்கும் நிக்கல் பத்து, இருபது, முப்பது மைக்ரான் கனம். பளபளப்பும் நிக்கலுடையதுதான், துருவைப் பெரும்பாலும் தடுப்பதும் நிக்கல்தான். மேலே இருக்கும் குரோம் அதை மங்காமல், கீறல் விழாமல் காப்பாற்றி, கொஞ்சம் நீலச் சாயலும் கொடுக்கிறது. வேலை எல்லாம் ஒருத்தர் செய்ய, பேர் இன்னொருத்தருக்கு! (நம் வகுப்பில்கூட அப்படி உண்டு. யார் என்று எழுத மாட்டேன்.)

ரொம்பப் பழைய கார்களில் குரோமே கிடையாதாம். 1920களின் கடைசியில்தான் கார் கம்பெனிகள் குரோமுக்கு மாறின. அதற்கு முந்தின காரின் விளக்கு வளையம் ஒன்று அவரிடம் வந்ததாம். "குரோம் போட்டுக் குடுத்தா இன்னும் பளிச்சுன்னு இருக்கும், ஆனா அது பொய். நிக்கலோட நிறுத்தினாத்தான் அசல்" என்றார். பளிச்சென்று இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுசு.

பழைய நிக்கலையும் எடுத்துவிட்டு, பஃப் சக்கரத்தில் பாலீஷ் பிடித்தார்கள். தாமிரம் ஏற்றி, குழி நிரம்பியதும் மறுபடி பாலீஷ். பிறகு பச்சை நிறத் தொட்டி, அது நிக்கல். கடைசியில் கருஞ்சிவப்புத் தொட்டி, குரோம். நம் பாடத்தில் வரும் மின்முலாம் பூசுதல்தான். பம்பர் எதிர்மின்வாய். நிக்கல் தொட்டியில் நேர்மின்வாயாக நிக்கலையே தொங்கவிடுகிறார்கள், அது கரைந்து வந்து பம்பரில் படிகிறது. குரோம் தொட்டியில் தொங்குவது ஈயம். குரோமியம் கரைசலில் இருந்தேதான் வரும். பள்ளிக்கூடம் திறந்ததும் கெமிஸ்ட்ரி சாரிடம் சொன்னேன். காரைக்குடியில் இதற்கென்றே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்றார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தார்களாம். ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தக் கருஞ்சிவப்புத் தொட்டிக்கிட்டே போக என்னை விடவில்லை. ஆறு இணைதிற குரோமியம், விஷம். ஆவி பட்டுப் பட்டு பட்டறைக்காரரின் அப்பாவுக்கு மூக்குத் தண்டில் ஓட்டையே விழுந்துவிட்டதாம். "அந்தக் காலத்துல முகமூடி ஏது?" என்றார். கழிவு நீரையும் அப்படியே விடக்கூடாது. பைசல்பைட் போட்டு விஷத்தை முறித்து, சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைக்க வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை மலை மாதிரி விட்டுப்போன கழிவால் அங்கே நிலத்தடி நீரே கெட்டுப்போனது. இதைக் கேட்டதும் மற்ற சாமானையும் முலாமுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. நாலு வீல் கப்பையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் மேல் துரு வந்துவிடுகிறது. குரோம் அப்படியே இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

ஒன்றை மறந்துவிட்டேன். பம்பரின் இடது ஓரத்தில் ஒரு சொட்டை. "தட்டி எடுத்துடறேன் பெரியவரே" என்றார் பட்டறைக்காரர். தாத்தா ரெண்டு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அது இருக்கட்டும் தம்பி."

"சொட்டைக்குள்ள கரண்ட் சரியாப் போகாது. முலாம் மங்கலாத்தான் பிடிக்கும்."

"மங்கலாவே இருக்கட்டும்."

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்கப்பன் பொறந்த ராத்திரிடா. வலி எடுத்துப்போச்சு. ஒரே மழை. இந்த மனுஷன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓட்டி மைல் கல்லுல கொண்டுபோய் இடிச்சாரு." அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவே இல்லை. ஆனால் பக்கமும் திருப்பவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அப்பாதான் வண்டியைக் கழுவினார். துண்டு நுனியை விரலில் சுற்றி அந்தச் சொட்டைக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு துடைத்தாலும் அது பளபளக்காது. தெரிந்தும் நான் சொல்லவில்லை.

ஆசிட் பாட்டிலை மட்டும் ஆயா இப்போது பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.

— பதினோராம் வகுப்பு மாணவன்