தெருவிலே எழுந்த பாட்டு

எதுகையும் மோனையும் ஏட்டோடு மாண்டன என வருந்துவோர் அரக்கோணத்து இளைஞர் அறிவு பாடும் ‘ராப்’ பாட்டைக் கேட்பாராக. அவ்விரைசொற் பாட்டில் இரண்டும் துள்ளக் கண்டு யாம் வியந்தோம். ‘தெருக்குறள்’ 2019இல் வெளிவந்தது. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, மீண்ட பின்னரும் நிலமற்றிருந்த அவர்தம் பாட்டியாரின் கதையினின்று பிறந்தது. எம் சேலஞ் சீமையினின்றும் அந்நாளில் அத்தோட்டங்களுக்குப் போனோர் உளர். ஏற்காட்டுக் காப்பி மலைக்குச் செல்வோர் இன்றும் எம் அஸ்தம்பட்டியைக் கடந்தே ஏறுகின்றனர். ஆதலின் அஃது எமக்கு அயலார் கதையன்று.

பாயிரம் உரைப்போர் ஆக்கியோன் பெயரை முதற்கண் கூறுக என்பது நன்னூலார் விதி. எனினும் அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் உடன்பாடிய தீயின் படம் வந்தது. பாட்டை எழுதியவர் படம் இல்லை! இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே அறிவுக்குத் தனியட்டை கிடைத்தது.