முதலில் பாதம்

யானைக்கு வைத்தியம் பார்க்கிறவன் அதன் முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வலி தின்றுகொண்டிருக்கும்போதும் அது வாழைப்பழம் வாங்கும், தும்பிக்கையைத் தூக்கி சலாம் போடும். நான் முதலில் பாதத்தைத்தான் தூக்கிக் காட்டச் சொல்வேன். நகம் வெடித்திருக்கிறதா, உள்ளங்காலில் சீழ் இருக்கிறதா, சங்கிலி உரசிய தழும்பு உண்டா? அடுத்து காதுக்குப் பின்புறம். அங்குசம் விழுகிற இடம் அதுதான். சர்க்கஸில் வித்தை சில நிமிடம். மிச்ச நேரமெல்லாம் மூத்திரம் ஊறிய தரையில் கட்டிப்போட்டு நிறுத்துகிறார்களே, அதுதான் காலைக் கெடுக்கிறது.

மகள் வீட்டுக்கு லண்டன் வந்தால் ஸ்ட்ராண்ட் தெருவுக்கு ஒருமுறை போய்விடுவேன். இன்று ஸ்ட்ராண்ட் பேலஸ் ஹோட்டல் இருக்கும் இடத்தில் அன்று எக்ஸெட்டர் சேஞ்ச் என்ற கட்டடம். அதன் மாடியில் (ஆமாம், மாடியில்தான்!) சுனீ என்ற இந்திய ஆண் யானையை அடைத்து வைத்திருந்தார்கள். 1811-ல் கோவென்ட் கார்டன் நாடக மேடையேறிய யானை அது. 1813-ல் கவிஞர் பைரன் போனபோது அவரிடம் காசு வாங்கித் திருப்பிக் கொடுத்தது, தொப்பியைக் கழற்றியது. வயது ஏற ஏற மதம் பிடித்தது. தந்தத்தின் வேரிலும் நோய். இரண்டும் சேர்ந்தால் நம்மூர்ப் பாகன் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கட்டி, தீனியைக் குறைத்து, மதம் இறங்கும்வரை பொறுத்திருப்பார். லண்டனில் 1826 மார்ச் 1 அன்று சிப்பாய்களைக் கூட்டிவந்து சுட்டார்கள். நூறு குண்டுக்கு மேல் பாய்ந்தும் உயிர் போகவில்லை. கடைசியில் குத்திக் கொன்றார்கள்.

இலங்கையில் பிடிபட்டு 1950களில் பிரிட்டனுக்கு வந்த பெண் யானை ஆன். சர்க்கஸ் கொட்டகையில் அதைச் சங்கிலியில் கட்டி அடித்ததை ரகசியக் கேமரா காட்டியது 2011-ல். அடியைப் பார்த்து நாடே கொதித்தது. என் கண் சங்கிலியை விட்டு நகரவில்லை. மூட்டுவாதம் கண்ட கிழ யானைக்கு வேண்டியது மணல் தரையும் நடையும். அதை அசையவிடாமல் பூட்டுவது, அடிப்பதைவிட நீண்ட வதை. அந்த ஆண்டே ஆன் லாங்லீட் பூங்காவுக்குப் போனது. மறுஆண்டு உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பானது, நிபந்தனையோடு விட்டுவிட்டார்கள்.

ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2020 ஜனவரி 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அப்போது அங்கே உரிமம் பெற்ற சர்க்கஸ்களில் ஒட்டகம், வரிக்குதிரை, கலைமான் இருந்தன. யானை ஒன்றுகூட இல்லை.