பிறர் புதைத்த தாலந்து



தாலந்துகளின் உவமையைப் பலமுறை தியானித்திருக்கிறோம். தனக்குக் கொடுக்கப்பட்டதை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனை எஜமான் கடிந்துகொண்டான். அவன் தன்னுடையதைத் தானே புதைத்தான். ஒருவர் தம் தாலந்தைக் கையில் ஏந்தி நிற்கும்போதே, சுற்றியிருப்போர் அதைப் புதைத்துவிடுவதும் உண்டு. இவ்வாரம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

ஹெடி லமார் 1914-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயந்திரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தந்தை அவருக்குச் சிறு வயதிலேயே விளக்குவாராம். 1937-இல், ஆயுத உற்பத்தியாளரான கணவரை விட்டு நீங்கி ஹாலிவுட்டை அடைந்தார். மறு ஆண்டே 'அல்ஜியர்ஸ்' திரைப்படம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. உலகிலேயே மிக அழகிய பெண் என்று அவரை விளம்பரப்படுத்தினார்கள். அந்த அழகியின் வீட்டில் கருவிகளை வடிவமைக்க ஒரு மேசை இருந்ததைப் பெரும்பாலோர் அறியவில்லை.

1940 செப்டம்பர். நமது புதுச்சேரி, டி கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் நின்ற மாதம் அது. அதே மாதத்தில், பிரிட்டனிலிருந்து பிள்ளைகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்னும் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. பாதுகாப்பைத் தேடி அனுப்பப்பட்ட 90 பிள்ளைகளில் 77 பேர் மாண்டனர்.

அக்காலத்தில்தான் ஹெடி, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து, எதிரியால் தடுக்க முடியாத நீர்மூழ்கிக் குண்டு ஒன்றைக் குறித்து ஆராயத் தொடங்கினார். வானொலி அலையால் குண்டை வழிநடத்தினால், எதிரி அந்த அலைவரிசையைக் கண்டுபிடித்துக் குலைத்துவிடுவான். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே ஒழுங்கில் அலைவரிசை மாறிக்கொண்டே இருந்தால்? தானே இசைக்கும் பியானோவில் உள்ளதைப் போன்ற துளையிட்ட காகிதச் சுருள்களால் இரண்டையும் இணக்கினார்கள். பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள்! 1942 ஆகஸ்ட் 11 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அமெரிக்கக் கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. போர்க்கடன் பத்திரங்களை விற்கும் மேடைகளில் மட்டும் அவர் வரவேற்கப்பட்டார். முகத்தை ஏற்றுக்கொண்டு மூளையைத் திருப்பி அனுப்பினார்கள். 1959-இல் காப்புரிமை காலாவதியானது. அதனால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இன்று நம் கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கும் இளைஞரின் காதில் ஒலிக்கும் புளூடூத், விநாடிக்கு 1,600 முறை அலைவரிசை மாறும் அதே கோட்பாட்டில்தான் வளர்ந்தது. 1997-இல், தமது 82-ஆம் வயதில், இக்கண்டுபிடிப்புக்காக ஹெடி கௌரவிக்கப்பட்டார். 2000-இல் மறைந்தார்.

அவருடைய வாழ்வை முன்மாதிரியாக நான் நிறுத்தவில்லை. ஆறு திருமணங்கள், ஆறும் முறிந்தன. ஆனால் 'நடிகை' என்ற ஒரே சொல்லால் ஒருவரை எடைபோட்டு முடிப்பது நம் சபைகளிலும் உள்ள வழக்கமன்றோ? யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், கைவினை நுட்பத்திற்காகவே தேவன் பெசலெயேலைத் தம் ஆவியினால் நிரப்பினார். கருவியை யோசித்து உருவாக்கும் அறிவும் அவர் தரும் ஈவே. அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று அவர் நம்மிடம் ஆலோசனை கேட்பதில்லை.

ஆலயத்தில் ஒலிபெருக்கி பழுதானால் வாலிபத் தம்பிகளைத் தேடுகிறோம். பலிபீடத்தில் மலர் வைக்க மட்டும் தங்கைகளை அழைக்கிறோம். மணமகள் தேடும் வீட்டார் முதலில் நிறத்தைக் கேட்கிறார்கள். அவள் சிந்தையில் என்ன இருக்கிறது என்று கேட்போர் சிலரே. இவ்விதமாகவே, மண்வெட்டி எடுக்காமலேயே நாம் பிறருடைய தாலந்தைப் புதைக்கிறோம். கணக்குக் கேட்கும் நாளில் எஜமான் இதையும் விசாரிப்பார்.

இவ்வாரம் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "அம்மா, நீ எதைக் குறித்து யோசித்துக்கொண்டிருக்கிறாய்?" அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்ச் செவிகொடுங்கள்.

ஆண்டவரே, நீர் பிறருக்குள் வைத்ததைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.