நீக்கலைக் காக்கும் காற்று

"உங்கள் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கோ" என்று ஆசிரியர் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் ஓ.எல். வரை மட்டும் படித்தவன். ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் புதிதாக வந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் சகோதரர்களுக்கு உதவுமென்று நினைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் பிராங்பேர்ட்டின் கிழக்குப் பக்கத்தில், ஃபெகன்ஹைமில் ஒரு சிறிய இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதிகாலையில் 11ஆம் இலக்க ட்ராமில் போனால் அரைவாசிப்பேர் என்னைப் போல நித்திரை முழியாமல் சாப்பாட்டுப் பையோடு இருப்பார்கள். இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்து வெட்டும் பெரிய மெஷின் ஒன்றில் சாமான் ஏற்றுவது, இறக்குவது, துப்புரவாக்குவது என் வேலை.

அந்த மெஷினின் மேசை முன்னும் பின்னும் ஓடும். ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கு பிசகினாலும் சாமான் குப்பைக்குத்தான். தான் எங்கே நிற்கிறேன் என்று மேசைக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நீளமான அலுமினியப் பெட்டி ஒன்று பூட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடி அளவுகோல். அதில் மிக நெருக்கமாகக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்குதான். வாள் போன்ற மெல்லிய கையொன்று மேசையோடு சேர்ந்து ஓடி, அந்தக் கோடுகளை ஒளியால் வாசிக்கிறது.

கை உள்ளே போகவேண்டுமென்றால் பெட்டியில் நீளத்துக்கு ஒரு நீக்கல் வேண்டும். வெளியிலோ இரும்புத்தூளும், பால் போன்ற வெட்டுத் தண்ணீரும் மழையாகக் கொட்டுகின்றன. அதனால் நீக்கலின் இரண்டு பக்கமும் ரப்பர் உதடுகள் வைத்திருக்கிறார்கள். கை போகும் இடத்தில் மட்டும் உதடு விரியும், போனபின் மூடிக்கொள்ளும். ஆனால் விரியும் இடத்தால் ஈரம் போகத்தானே பார்க்கும்? அதற்குத்தான் பெட்டிக்குள் மெல்லிய காற்றை ஓயாமல் விடுகிறார்கள். நிமிடத்துக்கு 7 முதல் 10 லீற்றர் போதும். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் காற்று வெளியே வருமே தவிர ஊத்தை உள்ளே போகாது. டொச்சில் இதை 'ஸ்பெர்லுஃப்ட்' என்பார்கள், தடுப்புக் காற்று. உதடு மட்டும் இருந்தால் பெட்டியின் பாதுகாப்புத் தரம் 53. இந்தக் காற்றும் சேர்ந்தால் 64. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு.

இதைக் கேட்டபோது எனக்கு ஐயாவின் ஞாபகம் வந்தது. கொக்குவிலில் ஐயாவுக்குச் சைக்கிள் கடை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. கலியாணத்துக்கும் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள். பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாசரைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, "தோல் காய்ந்தால் காற்றுப் பிடியாது தம்பி" என்பார். 1995 இடப்பெயர்வில் அவர் தூக்கிக்கொண்டு நடந்த சாமான்களில் அந்தப் பம்பும் ஒன்று.

இனி நான் சொல்ல வந்த விசயம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் லீசிங் கொம்பனி மூலம்தான் நின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்நேர ஷிப்டில் துப்புரவாக்கும்போது, காற்றுக் குழாயிலுள்ள வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் மஞ்சளாகத் தண்ணீரும் எண்ணெயும் கழுத்துவரை நிறைந்திருப்பதைக் கண்டேன். கொம்பிரசரில் இருந்து வரும் காற்றில் எண்ணெயும் ஈரமும் இருக்கும். வடிகட்டி நிறைந்தால் எல்லாம் காற்றோடு சேர்ந்து பெட்டிக்குள்தான் போகும். சைக்கிள் கடைக்காரன் மகனுக்கு இது விளங்கும். ஆனால் சொல்லவில்லை. அது மெக்கானிக்மாரின் வேலை, என் டொச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், விசா நீட்டக் கேட்கும் சம்பளத்துண்டு இந்த வேலையில் தங்கியிருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை வெட்டிக்கொண்டிருந்த மெஷின் சிவப்பு எழுத்துக் காட்டி நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடி முழுவதும் எண்ணெய்ப் படலம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை.

மைஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "காற்றுத் துப்பாக்கியால் நீக்கலுக்குள் ஊதியது யார்?" என்று கேட்டார். அப்படி ஊதினாலும் உதடு விரிந்து ஊத்தை உள்ளே போய்விடும், அதனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். எல்லோருடைய கண்ணும் எரித்திரியாவிலிருந்து வந்த பெடியன் மேல் போனது. அவன் வந்து மூன்று கிழமைதான். துப்பாக்கியோடு நின்று துப்புரவாக்குபவன் அவன். டொச் என்னைவிடக் குறைவு. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றும் நான் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மனைவியிடம் சொன்னேன். அவ கனக்கக் கதைக்கவில்லை. "அந்தப் பெடியனுக்கும் ஒரு தாய் இருப்பாதானே" என்று மட்டும் சொன்னா. விடியும்வரை இரண்டு வசனங்களைப் பாடமாக்கினேன். காலையில் மைஸ்டரின் கந்தோர்க் கதவைத் தட்டி, "இஹ் ஹாபெ கெஸேன். இஹ் ஹாபெ நிக்ஸ் கெஸாக்ட்" என்றேன். கண்டேன், சொல்லவில்லை. பிறகு கையால் வடிகட்டியைக் காட்டினேன்.

அவர் சத்தம்போடவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடுத்தமுறை வெள்ளிக்கிழமையே சொல்" என்றார். அவ்வளவுதான். சம்பளம் கூடவுமில்லை, வேலை போகவுமில்லை. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் கையெழுத்திடும் தாளில் என் பெயரை எழுதிவிட்டார். அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் எரித்திரியப் பெடியன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்கு முன்னால் வைத்தான்.

எங்கள் வயதான மெக்கானிக் ஒருவர் பிறகு ஒரு கதை சொன்னார். 1847இல் இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பக்கம் புரூனல் என்ற பொறியியலாளர் காற்றழுத்தத்தால் ரயில் ஓட்டினாராம். தண்டவாளத்தின் நடுவே ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனை ரயிலோடு பிணைக்கும் கை வெளியே வர நீளத்துக்கும் ஒரு நீக்கல். அதை மூடக் கொழுப்புப் பூசிய தோல்பட்டை. தோல் பழுதாகிக் காற்றுக் கசிந்து, 1848 செப்டெம்பரில் எல்லாவற்றையும் நிறுத்தினார்களாம். ஐயாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்று நினைத்துச் சிரித்தேன்.

இன்னொன்றும் சொன்னார். இப்படியான அளவுகோல்கள் செய்வதில் பேர்போன ஹைடன்ஹைன் கொம்பனி 1889இல் பேர்லினில் தொடங்கியது. போருக்குப்பின் அது 1948இல் போய்க் குடியேறிய இடம் பவேரியாவில் உள்ள ட்ரவுன்ரொய்ட். அந்த ஊரே, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜேர்மன் அகதிகளைக் கொண்டு உருவான ஊராம். இந்த நாட்டுக்காரரும் மூட்டையோடு வந்து இறங்கியவர்கள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காற்றுத் துப்பாக்கியை ஒருநாளும் நீக்கலுக்கு நேரே பிடிக்காதேயுங்கோ, துடைத்து எடுங்கோ. வடிகட்டியில் தண்ணீரைக் கண்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கோ. டொச் வராவிட்டால் கையால் காட்டுங்கோ. பிழையான டொச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரிக்கலாம். ஆனால் நாங்கள் வாய் திறக்காவிட்டால் அந்தப் பழி எங்களைவிட எளிய ஒருவனின் தலையில்தான் விழும்.

அந்தத் தாளில் இன்றைக்கும் நான்தான் கையெழுத்து வைக்கிறேன்.

— ஒரு தொழிலாளி, பிராங்பேர்ட்