ஒரு நாள் கூலிக்கு ஒரு சதுர அடி

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனால் முன்பெல்லாம் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிங்கப்பூர்ல என்ன சம்பளம்?" என்பதுதான். சொன்னால் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நெடுநாள் கழித்து இந்த முறை போனபோது சம்பளத்தை யாரும் விசாரிக்கவில்லை. டீக்கடை பெஞ்சிலும் மாரியம்மன் கோயில் திண்ணையிலும் ஒரே கேள்வி: "அங்க சதுர அடி என்ன ரேட்டு போவுது?"

நான் ஊரை விட்டுக் கிளம்பிய தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் நிலத்தை ஏக்கரில் பேசுவோம். பங்காளிச் சண்டை முற்றினால் சென்ட்டில் பேசுவோம். சதுர அடியெல்லாம் மெட்ராஸ்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் போடுகிற கணக்கு. இப்போது ஆடு ஓட்டிக்கொண்டு போகிற பெரியம்மா ஒருவர் நின்று, "ஒரு சென்ட்டுன்னா நானூத்தி முப்பத்தஞ்சே முக்கால் அடி தம்பி, தெரியாதா உனக்கு?" என்று எனக்குப் பாடம் எடுத்தார். காலில் செருப்பில்லை. கணக்கில் கால் அடிகூடத் தப்பில்லை.

பெங்களூரில் இறங்கி நெடுஞ்சாலை 44 வழியாக வருகிறவர்களுக்கு இந்த மாற்றத்தின் காரணத்தை யாரும் விளக்க வேண்டாம், பஸ் ஜன்னலே சொல்லிவிடும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் ஓசூர். ஓசூருக்கு வந்த விலை வெறும் தொழிற்சாலைகளால் வந்ததில்லை. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறந்தது. அறிவிப்புக்கு ஒரு விலை, அடிக்கல்லுக்கு ஒரு விலை, திறப்பு விழாவுக்கு ஒரு விலை. ஓசூரில் வாங்க முடியாதவன் சூளகிரிக்கு நகர்கிறான், சூளகிரியில் முடியாதவன் கிருஷ்ணகிரிக்கு, அங்கும் முடியாதவன் காவேரிப்பட்டணம் தாண்டி எங்கள் ஊருக்கு. 2004 வரை இந்த ஊர்களெல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம். அரசாங்கம் பிரித்த மாவட்டத்தை மனை வியாபாரிகள் மறுபடி சேர்த்துவிட்டார்கள்.

அக்கா மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். இன்ஜினியரிங் முடித்தவன், முப்பத்தைந்தாயிரம் சம்பளம். பொம்மனஹள்ளியில் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு எடுத்த அறை. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். வாடகையைவிட அட்வான்ஸ்தான் அவனுக்குப் பெரிய பாரமாம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அந்த ஊரில் ரொம்ப நாள் வழக்கம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாம் சுவரில் ஆணிகூட அடித்திருக்க மாட்டோம்.

"பெங்களூர்ல வாங்கறது நமக்கு ஆவாது மாமா. முப்பதுக்கு நாப்பது சைட்டே கோடிக்கு மேல. ஓசூர்ல பார்த்தேன், அதுவும் போச்சு. சரி, நம்ம ஊர்லயே ஒரு மனை வாங்கிப் போடலாம்னு வந்தா, இங்கயும் பெங்களூர்க்காரன் ரேட்டத்தான் சொல்றாங்க."

அவன் ஊரில், அவன் தாத்தா உழுத மண்ணுக்குப் பக்கத்தில், அவனுக்கு வெளியூர்க்காரன் விலை. இதற்கு மேல் இந்த வியாபாரத்தை எப்படிச் சொல்வது?

மறுநாள் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், தனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவரோடு என்னைக் காரில் ஏற்றினார். சிங்கப்பூர்க்காரன் வந்திருக்கிறான் என்ற சேதி எனக்கு முன்னால் அவரிடம் போயிருந்தது. போய் இறங்கிய இடம் எங்கள் தாய்மாமன் சாமையும் கொள்ளும் போட்ட மானாவாரிக் கொல்லை. அதற்கு இப்போது வாசல் இருக்கிறது. சிமென்ட்டில் செய்த இரண்டு யானை, மேலே வளைவு, வளைவில் 'சிட்டி' என்று முடிகிற ஒரு பெயர். உள்ளே செம்மண்ணில் கோடு கிழித்த மாதிரி தார்ச்சாலைகள். ஓரமெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், அவற்றில் சிவப்பில் நம்பர். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வேன் வருமாம். சாப்பாடு இலவசம். அன்றே முன்பணம் கட்டினால் வெள்ளிக் காசு.

"அடி தொள்ளாயிரத்து ஐம்பது சார். இதே மனை பெங்களூர்ல ஒன்றரைக் கோடி. நாங்க சும்மா குடுக்கற மாதிரி."

1,200 சதுர அடிக்குப் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒன்பது சதவீதம். அப்படிப் பார்த்தால் அடி ஆயிரத்தைத் தாண்டும்.

இந்த ஆயிரத்தை எங்கள் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். அண்ணன் கொத்து மேஸ்திரி. திங்கட்கிழமை விடியற்காலையில் தருமபுரியிலிருந்து பெங்களூர் போகிற பஸ்களில் அவரைப் போன்றவர்கள்தான் நெருக்கியடித்து நிற்பார்கள். சென்ட்ரிங் வேலைக்காரர்கள், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள்கள். அண்ணனுக்கு ஒரு நாள் கூலி ஆயிரம். தகர ஷெட்டில் படுத்துக்கொண்டு, பதினெட்டு மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டு, சனிக்கிழமை திரும்புகிறார். ஒரு நாள் கூலிக்கு ஒரு சதுர அடி முழுசாக வராது. சாப்பிடாமல், நோய் வராமல், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டாமல் வருஷத்துக்கு இருநூற்றைம்பது நாள் வேலை செய்தாலும் வெறும் மண்ணை வாங்கவே ஐந்து வருஷம். செங்கல் அப்புறம். பெரிய நகரத்தின் விலை சாலை வழியே ஊருக்கு வந்துவிட்டது. அந்த நகரத்துச் சம்பளம் மட்டும் பின்னால் வரவே இல்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் சிப்காட் வருகிறது, மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை வருகிறது என்றெல்லாம் புரோக்கர் அடுக்கினார். மொரப்பூர் பாதைக்கு 2019-லேயே அடிக்கல் நாட்டியாயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒரு சிறு ரயில் ஓடியதும், இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதும் எங்கள் தாத்தாமார் சொல்லும் கதை. எங்கள் மாவட்டத்தில் 'வருகிறது' என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி. ரயில் வருகிறதோ இல்லையோ, அந்தச் சொல்லை நம்பி விலை வந்துவிடுகிறது.

கொல்லையை விற்ற மாமன் குடும்பத்துக்கு ஏக்கருக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்தேன். ஐம்பது லட்சம். ஊரில் அது பெரிய பேச்சு. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வகுத்தால் அடி நூற்றுப் பதினைந்து ரூபாய் வருகிறது. நூற்றுப் பதினைந்துக்கு வாங்கியது தொள்ளாயிரத்து ஐம்பதுக்குப் போகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அத்தனையும் லாபமில்லை. பெரிய மனைப்பிரிவில் பத்து சதவீதம் பூங்காவுக்கும் பொது இடத்துக்கும் விட வேண்டும், சாலைக்கு இன்னும் அதிகம். நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அப்ரூவல், ரியல் எஸ்டேட் ஆணையத்தின் (ரெரா) பதிவு, புரோக்கர் கமிஷன், அந்த இரண்டு யானை என்று செலவுகள் உண்டு. எல்லாம் கழித்தாலும் மிஞ்சுவது கொள்ளை லாபம்தான். ஐம்பது லட்சம் வாங்கிய மாமன் மகன்களில் ஒருவன் கார் வாங்கினான். இன்னொருவன் கடனை அடைத்தான். இரண்டு பேருமே அதே மனைப்பிரிவில் ஆளுக்கொரு மனை வாங்கலாமா என்று யோசித்து, விலையைக் கேட்டு விட்டுவிட்டார்கள்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதுவரை எங்கள் பக்கம் ஆளாளுக்கு வயலில் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்து பழைய மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த மனைகளில் சாலையாவது ஒழுங்காக இருக்கிறது.

நிலத்தை அளந்து விலை வைப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை என்றும் தோன்றியது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எங்கள் பகுதி அடங்கிய பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பெயரிலேயே தீர்வை எழுதினார்கள். ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். மன்றோ தருமபுரியிலேயே வருஷக்கணக்கில் குடியிருந்தவர். அன்று சங்கிலி பிடித்தவர்கள் இந்தக் கொல்லை என்ன விளையும் என்று கேட்டார்கள். இன்று டேப் பிடிக்கிறவர்களுக்கு விளைச்சலைப் பற்றிக் கவலை இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "ஒகேனக்கல் தண்ணி வருது சார்" என்றார் புரோக்கர் சட்டென்று. அது உண்மைதான். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறி, பல் பழுத்து, முட்டி வளைந்து கிடந்த மாவட்டத்துக்கு 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய வரம். எங்கள் தலைமுறையில் சிரித்தாலே தருமபுரிக்காரன் என்று தெரிந்துவிடும், பிள்ளைகளுக்கு அந்த அடையாளம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் இருக்கிற ஊர்களின் தாகத்துக்குப் போட்டது. யானை வளைவுக்குள் முளைக்கப்போகும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அதே குழாயா? பெங்களூரே 2024 கோடையில் தண்ணீருக்கு லாரி பின்னால் ஓடிற்று. அந்த நகரத்துக் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆறுதான் எங்கள் மாவட்டத்து இருமத்தூரைத் தாண்டிப் போகிறது. ஆற்றில் நுரையும் ரோட்டில் விலையும் பெங்களூரிலிருந்து எங்களுக்கு ஒழுங்காக வந்து சேர்கின்றன.

சரி, சிங்கப்பூரில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். ஊரிலும் கேட்டார்கள். ஈசூனில் எங்கள் நாலறை வீடு அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டியது. வாங்கினேன் என்று சொன்னாலும் 99 வருஷக் குத்தகைதான். இதைச் சொன்னதும் அண்ணன் பதறிப்போனார். "அப்ப மண்ணு உன்னுது இல்லையா? பத்திரம் இல்லாத ஊட்டுக்கா அத்தன காசு குடுத்த?" அங்கேயும் மில்லியன் டாலருக்குப் போகிற வீவக வீடுகள் 2024-ல் ஒரே வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல். விலை ஏறாத சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனால் பஸ் ஓட்டுகிறவரும் நர்ஸும் ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று 1960-லிருந்து ஓர் அரசாங்கம் கட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியார் பணம் விலையைக் கிளப்பும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கினால் விலைக்கு மேல் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. அதே சிங்கப்பூரில், அந்த வீடுகளைக் கட்டுகிற நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பையன்கள் டார்மிட்டரியில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். கொரோனா வந்த 2020-ல் அந்த டார்மிட்டரிகளை உலகமே பார்த்தது. கட்டுகிறவனுக்கு வீடில்லை என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் கிடையாது.

வெளியார் பணம் என்றேன். தருமபுரியில் அந்த வெளியார் நாங்கள்தான். வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டு மனை வாங்கலாம். அதனால் எங்கள் டாலருக்கு ஆசைப்படுகிற ஒவ்வொரு வியாபாரியும் முதலில் கொல்லையை மனையாக்க வேண்டியிருக்கிறது. சாமை விளைந்த இடத்தில் மஞ்சள் கல் நிற்பதில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் டல்லாசுக்கும் பங்கு உண்டு.

திரும்புகிற வழியில் பழைய மனைப்பிரிவு ஒன்றைப் பார்த்தோம். விற்றுத் தீர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இருநூறு மனையில் எண்ணி நான்கே வீடு. மிச்சமெல்லாம் பார்த்தீனியம். பூங்காவுக்கு விட்ட இடத்தில் ஊஞ்சல் கம்பி துருப்பிடித்து நிற்கிறது, சங்கிலியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனைக்காரர்கள் பாதிப் பேர் வெளியூர், பாதிப் பேர் வெளிநாடு என்றார் அண்ணன். யாரும் கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. ஏறட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடி மூன்று மாதமாக அலைகிற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரையும் அன்று சந்தித்தேன்.

புரோக்கர் இன்னும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் வாங்கப் போவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்க மனை வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் அப்ரூவல் நம்பரும் பார்ப்பதோடு பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கிறது என்றும் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போட்டவர்கள் அதில் இரண்டு அறையாவது கட்டி, அந்த வாத்தியாரைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். வெறுமனே விலை ஏறட்டும் என்று கல் நட்டு வைக்கத்தான் பணம் என்றால், அதை பேங்கிலேயே போடுங்கள். அக்கா மகன் இன்னும் மனை தேடிக்கொண்டிருக்கிறான்.