பிரிட்ஜும் அயர்ன் பாக்ஸும்

கிதார்ல பிரிட்ஜ்ங்கிறது ஆறு கம்பியையும் கீழ்ப்பக்கம் பிடிச்சிருக்கிற மரத்துண்டு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஆனா ஸ்டீல் கம்பி ஆறையும் சுருதி சேர்த்தா மொத்தமா கிட்டத்தட்ட 70 கிலோ இழுக்கும். அதாவது ஒரு ஆள் ராத்திரி பகலா அதுல தொங்குறான்னு வச்சுக்குங்க. பெரும்பாலான கிதார்ல தாங்குறது வெறும் பசைதான்!

கிதார் எங்க அண்ணனோடது. படவேட்டுல தறி நெய்த காலத்துல கூலியில மிச்சம் பிடிச்சு வாங்கினது. இப்போ தறியை விட்டுட்டு திருப்பூர்ல இருக்காரு. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்தா முதல்ல தேடுறது இதைத்தான். இந்தத் தடவை எடுத்துப் பார்த்தா பிரிட்ஜோட பின்பக்கம் எழும்பி நிக்குது. விசிட்டிங் கார்டு உள்ளே போகுது. நம்ம ஊர் கோடை வெயில் அப்படி.

இடுக்குல புதுசா பசை விட்டா ஒட்டாதான்னு கேப்பீங்க. வெள்ளைப் பசை காஞ்சுபோன தன் படலத்து மேலயே சரியா பிடிக்காது. முழுசா கழட்டி, மரம் தெரியிற வரைக்கும் சுரண்டித்தான் ஒட்டணும். கழட்டத்தான் சூடு. அந்தப் பசை 60, 70 டிகிரியில இளகும்.

பழைய தறி ஆசாரி ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் காலத்துல வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினவர். "இன்னா தம்பி, நெம்பிடாத. வஜ்ஜிரமா இருந்தாலும் சூடும் ஈரமும் காட்டினா தானா விட்டுரும்"னார். கிதாரை ஆயுசுல தொட்டதில்லை மனுஷன். ஆனா மேட்டர் அதேதான்.

முதல்ல கம்பி, பின், பிளாஸ்டிக் சாடில் எல்லாத்தையும் எடுத்துடணும், சாடில் உருகிடும். சில பிரிட்ஜ்ல வெள்ளைப் பொட்டுக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அதையும் பார்க்கணும். அட்டையில பிரிட்ஜ் அளவுக்கு ஓட்டை வெட்டி, மேல அலுமினியத் தாள் ஒட்டி, சுத்தியும் மூடினேன். இல்லேன்னா பாலிஷ் கொப்பளிச்சிடும். பிரிட்ஜ் மேல ஈரத்துணி, அதுக்கு மேல அயர்ன் பாக்ஸ். ரெண்டு நிமிஷம் வைக்கிறது, எடுக்கிறது, பார்க்கிறது.

பயம் எங்கேன்னா, மேல்பலகை மூணு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அதுக்கு உள்ளே தாங்குற கட்டைகளும் அதே மாதிரி பசையிலதான் நிக்குது. சூடு அதிகமானா அதுவும் விட்டுடும். அதனால ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற மெல்லிசு தகட்டை உப்புத்தாள்ல முனை மழுக்கி, லேசா சூடாக்கி, எழும்பின பக்கத்துலேர்ந்து விட்டேன். வழுக்கிட்டுப் போனா பசை. கரகரன்னா மரநார், உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமா வரணும். ஒரு இடத்துல ரெண்டு நார் எழும்பத்தான் செஞ்சுது, வயிறு கலங்கிடுச்சு :( அங்கேயே விட்டுட்டு இன்னொரு தடவை சூடு காட்டினேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. 'சொத்'துனு ஒரு சத்தம், பிரிட்ஜ் கையில!

ரெண்டு நாரையும் பசை வச்சு அமுக்கியாச்சு. சுரண்டி, ஒட்டி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டிருக்கேன். கம்பி மட்டும் மாட்டலை. அது அண்ணன் வந்து மாட்டட்டும் :)